வெயில் கொளுத்துகிறது, தண்ணீர் சொட்டவில்லை: நன்னீர்ப் பெட்டியைச் சரிபார்க்கும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் எங்கள் தோட்டத்தில் மூன்று நன்னீர்ப் பெட்டிகள் ஓடுகின்றன. கிணற்று உப்புத் தண்ணீரை வெயில் சூட்டால் நல்ல தண்ணீராக்கும் பெட்டிகள் இவை. கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் ஒன்று, லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) கடைசி வீட்டில் ஒன்று, செம்பனை நாற்றுமேட்டில் ஒன்று. மூன்றையும் கட்டியவன் நான்தான். அதனால் எது நின்றாலும் எனக்குத்தான் போன் வரும். "அண்ணே, வெயிலு மண்டைய பொளக்குது, தண்ணி மட்டும் வரல லா." நான்கு வருடமாக இதே பாட்டு. செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்தபோதுகூட இவ்வளவு தடவை ஒரே பழுதைப் பார்த்ததில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

பெட்டி வேலை செய்யும் விதம் தெரிந்தவர்களுக்குத்தான் இது. தெரியாதவர்களுக்கு நாலு வரி. கிணற்று உப்புத் தண்ணீர் முதலில் குளிர்பெட்டிக்குள் இருக்கும் சுருள் குழாய் வழியாகப் போகிறது. அங்கே கொஞ்சம் சூடேறி, கூரைமேல் இருக்கும் சோலார் வெந்நீர்த் தொட்டிக்குள் வைத்த ஸ்டெயின்லெஸ் சுருளில் நன்றாகச் சூடாகி, ஈரப்பெட்டியில் அடுக்கிய பிளாஸ்டிக் பேக்கிங் (தண்ணீரைப் பரப்பிக் காற்றுப்பட வைக்கும் அடுக்கு) மேல் தூறலாக விழுகிறது. ஃபேன் தள்ளும் காற்று அந்த ஈரத்தை வாங்கிக்கொண்டு குளிர்பெட்டிக்கு வந்து, குளிர்ந்த சுருளின் வெளிப்பக்கம் வியர்வையாக விட்டுவிட்டு, திரும்ப ஈரப்பெட்டிக்கே போகிறது. அந்த வியர்வைதான் நன்னீர். மீதி உப்புத் தண்ணீர் வெளியே.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு தெர்மாமீட்டர், ஒரு லிட்டர் மக், டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது), மல்டிமீட்டர் (வோல்ட் அளக்க), ஊதுபத்தி ஒரு கட்டு. ஊதுபத்தி சாமிக்கு அல்ல, பின்னால் சொல்கிறேன். மலிவான டிடிஎஸ் மீட்டர் 9,990 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) வரைதான் காட்டும். கடல் தண்ணீர் 35,000 சொச்சம் என்பதால் அதில் முக்கினால் மீட்டர் கோளாறு போலத் தெரியும். மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, கடையில் போய்ச் சண்டை போடாதீர்கள்.

என் பெட்டிகளின் கணக்கு இது. ஒவ்வொன்றுக்கும், கூரைத் தொட்டியைச் சூடாக்க, ஏறக்குறைய 4 சதுர மீட்டர் வெற்றிடக் கண்ணாடிக் குழாய். நல்ல வெயில் நாளில் 18 முதல் 20 லிட்டர் நன்னீர். 100 லிட்டர் உப்புத் தண்ணீர் ஓடினால் 4, 5 லிட்டர்தான் நன்னீராகும். அதற்கு மேல் எதிர்பார்த்து "குறைகிறது" என்று சொன்னால் அது பழுதில் சேராது.

அறிகுறி 1: எல்லாம் ஓடுகிறது, நன்னீர் மட்டும் குறைவு

பத்து போனில் ஏழு இதற்காகத்தான் வரும். பம்ப்புக்கும் ஃபேனுக்கும் கரண்ட் தரும் சோலார் பேனலைத் துடைக்கும் முன், பேட்டரியைக் குறை சொல்லும் முன், ஈரப்பெட்டி மேல்மூடியைத் திறந்து தூறலாக விழும் தண்ணீரின் சூட்டை அளந்து பாருங்கள். பகல் 12 முதல் 2 மணிக்குள் 60 முதல் 65 டிகிரி இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பொறுத்துப் பாதை பிரிகிறது.

தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்

முதலில் ஓட்டத்தை அளக்கவும். வெளியே வரும் உப்புத் தண்ணீரை மக்கில் பிடியுங்கள். என் பெட்டிகளில் ஒரு லிட்டர் நிறைய 40 வினாடி ஆக வேண்டும். 20 வினாடியில் நிறைந்தால் யாரோ வால்வை அதிகமாகத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வேகமாகப் போனால் நன்னீரும் வேகமாக வரும் என்று நினைப்பது மனித இயல்பு. லயத்து வீட்டுத் தம்பி மாதம் ஒருமுறை இதைச் செய்வான். 60 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 130 கிராம் ஆவியைத் தாங்கும், 45 டிகிரியில் அதில் பாதிதான். சூடு போனால் எல்லாம் போச்சு. வால்வைத் திருப்பி, பெயின்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

ஓட்டம் சரி என்றால் கண்ணாடிக் குழாய்களைப் பாருங்கள். ஆலைக் கொதிகலனில் செம்பனை நாரையும் கொட்டை ஓட்டையும் எரிப்பதால் எங்கள் பக்கம் கரி பறந்து வந்து படியும். விரலால் தடவினால் மை மாதிரி ஒட்டும். விடியற்காலையில் மட்டும் துடைக்கவும். வெயிலில் காய்ந்த கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம்.

பிறகு ஒவ்வொரு குழாயின் அடிமுனையையும் குனிந்து பாருங்கள். நல்ல குழாயின் அடியில் வெள்ளிக் கண்ணாடி மாதிரி பளபளப்பு இருக்கும். அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் வெற்றிடம் போய்விட்டது, அந்தக் குழாய் செத்தது. இருபதில் ஒன்றிரண்டு செத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. நாலைந்து என்றால் மாற்ற வேண்டும்.

அப்புறம் கூரைத் தொட்டியின் மட்டம். இந்தத் தொட்டியில் இருப்பது மழைத் தண்ணீர், சூட்டைச் சுருளுக்குக் கொடுக்க மட்டும். ஆவியாகிக் குறைந்து சுருளின் மேல்பாதி வெளியே தெரிந்தால் சூடு ஏறாது. விடியற்காலையில் ஊற்றவும். தொட்டி வெறுமையாகி, குழாய்கள் வெயிலில் காய்ந்து கிடந்தால் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். தார்ப்பாய் போட்டு மூடி, மறுநாள் விடியும்வரை காத்திருங்கள். காய்ந்த குழாயின் உள்சூடு 200 டிகிரியைத் தாண்டும், தண்ணீர் பட்டால் வெடிக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சூடு ஏறவில்லை என்றால், ஸ்டெயின்லெஸ் சுருளின் உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கும். கழுவும் முறை கீழே இருக்கிறது.

தண்ணீர் 60க்கு மேல் இருந்தும் நன்னீர் குறைந்தால்

சூடு இருக்கிறது, காற்றுதான் ஏமாற்றுகிறது. ஊதுபத்தியை இப்போது கொளுத்துங்கள். ஃபேன் ஓடும்போது இரண்டு பெட்டிகளின் மூடி ஓரம், நடுவில் இணைக்கும் குழாயின் வாய், வயர் நுழையும் ஓட்டை எல்லாவற்றையும் சுற்றி மெதுவாகக் கொண்டு போங்கள். புகை உள்ளே இழுபட்டாலும் வெளியே தள்ளப்பட்டாலும் அங்கே ஓட்டை. ஈரக்காற்று வெளியே போவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது நீங்கள் சூடாக்கிய தண்ணீர். கோயில் பெட்டியில் ஒருமுறை விரல் நுழையும் அளவு ஒரு பிளவு. ரப்பர் பட்டை காய்ந்து சுருண்டிருந்தது. அதை மாற்றியதும் நாலு லிட்டர் கூடியது. சாதா டேப் போட்டு ஒட்டாதீர்கள், ஈரச்சூட்டில் பசை ஒரு வாரம்கூட நிற்காது.

அடுத்து பேக்கிங். மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த திட்டு எங்கே இருக்கிறதோ அங்கே நாசில் (தண்ணீரைத் தூறலாக்கும் முனை) அடைத்திருக்கிறது. எங்கள் கிணற்றில் இரும்பு அதிகம். காற்றுப் பட்டவுடன் செம்மண் குழம்பு மாதிரி ஆகி, நாசில் ஓட்டைகளில் உட்கார்ந்துவிடும். கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். ஊசி வேண்டாம், ஓட்டை பெரிதாகிவிடும். இதற்கு நிரந்தர வைத்தியம்: கிணற்றுத் தண்ணீரை நேராக ஏற்றாமல், ஒரு நீலத் தோம்பில் (பீப்பாயில்) மேலிருந்து கொட்டவிட்டு இரவு முழுக்க நிற்கவிடுங்கள். இரும்பு அடியில் படியும். மேல் தண்ணீரை வேட்டித்துணி வழியாக எடுங்கள்.

ஒரு வார்த்தை பேக்கிங் பற்றி. ஆரம்பத்தில் செலவு மிச்சம் என்று தேங்காய் நார் போட்டேன். எங்கள் பாகான் டத்தோ மாவட்டத்தில் தேங்காய் நாருக்கா பஞ்சம்? மூன்று மாதத்தில் மக்கி, வெளியே வந்த தண்ணீர் கோப்பி நிறத்தில் இருந்தது. பிளாஸ்டிக்கே போடுங்கள்.

பிறகு குளிர்பெட்டி. சுருளுக்குள் நுழையும் தண்ணீர் எவ்வளவு சூடு? கிணற்றிலிருந்து நேராக வந்தால் 28, 29 டிகிரி. வெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டியிலிருந்து வந்தால் 38கூட வரும், அப்புறம் எப்படிக் காற்று குளிரும்? தோம்பை நிழலுக்கு மாற்றுங்கள், அல்லது ஈரச் சாக்கு சுற்றுங்கள். இதற்குச் செலவே இல்லை, ஆனால் யாரும் கடைசிவரை பார்ப்பதில்லை. நான்கூட முதல் வருடம் பார்க்கவில்லை.

கடைசியாக ஃபேன். கழற்றித் துடைத்தவர் திருப்பி மாட்டியிருக்கலாம். காற்று பேக்கிங்கின் அடியிலிருந்து மேலே போக வேண்டும், தண்ணீருக்கு எதிர்த் திசையில். ஒரு தாள் துண்டைப் பிடித்தால் தெரிந்துவிடும்.

சுண்ணாம்பு கழுவும் முறை

பத்து லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ சிட்ரிக் அமிலம். கேக் சாமான் கடையில் கிடைக்கும். பம்ப்பின் உறிஞ்சு குழாயையும் வெளியேறும் குழாயையும் ஒரே வாளியில் விட்டு ஒரு மணி நேரம் சுற்றவிடுங்கள். நுரை வந்தால் சுண்ணாம்பு கரைகிறது. நுரை நின்றதும் கொட்டிவிட்டு, சாதாத் தண்ணீரால் மூன்று முறை அலசவும். அன்று வரும் நன்னீரைக் குடிக்க வேண்டாம். பாசிக்காகக் குளோரின் பிளீச் போட்ட நாளில் இதைச் செய்யவே கூடாது. அமிலமும் பிளீச்சும் கலந்தால் வருவது நச்சு வாயு. இரண்டு முறை கழுவியும் சூடு ஏறவில்லை என்றால் சுருளைக் கழற்ற வேண்டும். கூரைமேல் தொட்டியைத் திறக்கும் வேலை அது, சோலார் ஹீட்டர் பொருத்துகிறவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 2: நன்னீர் கரிக்கிறது

என் பெட்டிகளில் நல்ல நாளில் 10 முதல் 30 பிபிஎம். கிணற்றுத் தண்ணீர் 7,000க்கு மேல். ஆகவே மீட்டர் 200 காட்டினாலே எங்கோ உப்பு ஒழுகுகிறது. நாக்குக்குத் தெரிவதற்கு வெகுநாள் முன்பே மீட்டர் சொல்லிவிடும். குடிநீருக்கு இங்கே வைத்திருக்கும் எல்லை 1,000, ஆனால் அந்த எல்லைவரை காத்திருந்தால் பழுது முற்றிவிடும்.

முதலில் வாளியைச் சந்தேகப்படுங்கள். லயத்து வீட்டுப் பாட்டி ஒருநாள், "தம்பி, கடல் தண்ணியே குடிக்கிற மாதிரி இருக்குப்பா" என்றார். போய்ப் பார்த்தால், பிடிக்கும் டின்னைத் தினமும் கிணற்றுத் தண்ணீரில் அலம்பிவிட்டு வைக்கிறார். மீட்டரின் முனையையும் மழைத் தண்ணீரில் அலசிவிட்டு, குழாய் வாயிலிருந்து நேராகப் பிடித்து அளக்கவும்.

அதன் பிறகும் உப்பு என்றால், விடியற்காலையில் வெயில் ஏறும் முன் ஒரு சோதனை. ஃபேனை நிறுத்துங்கள், பம்ப் மட்டும் அரை மணி ஓடட்டும். நன்னீர்க் குழாயைத் துடைத்துவிட்டுக் கீழே காய்ந்த கிண்ணம் வையுங்கள்.

கிண்ணம் நனைந்தால்

ஆவியும் இல்லை, ஃபேனும் இல்லை, ஆனாலும் சொட்டுகிறது. அப்படியென்றால் குளிர்பெட்டிச் சுருளிலிருந்து உப்புத் தண்ணீர் நேராக ஒழுகுகிறது. இணைப்பு கிளிப்புகளை முதலில் இறுக்குங்கள், பாதி நேரம் அதுதான். பாலி குழாயாக இருந்தால் ஒழுகும் துண்டை வெட்டி இணைப்பான் போட்டுவிடலாம். உலோகத்தில் ஊசிப் பொத்தல் என்றால் ஒட்டு வேலை நிற்காது. முதல் பெட்டிக்கு நான் ஒரு பழைய அலுமினிய ரேடியேட்டரைப் போட்டிருந்தேன். எட்டு மாதத்தில் சல்லடை. இப்போது கோயில் பெட்டியில் 316 ஸ்டெயின்லெஸ், மற்ற இரண்டிலும் பாலி குழாய். 304 மலிவு என்று கடைக்காரர் சொல்வார், உப்புக்கு அது தாங்காது. 316ல் பொத்தல் விழுந்தால் ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். இந்தப் பெட்டியில் அதிகச் செலவு வைக்கும் பழுது இதுதான்.

கிண்ணம் காய்ந்தே இருந்தால்

சுருள் நன்றாக இருக்கிறது. பகலில் தூறல் துளிகளே காற்றோடு பறந்து குளிர்பெட்டிக்குள் விழுகின்றன. ஈரப்பெட்டி வாயில் வைத்த துளித் தடுப்பு வலை சரிந்திருக்கிறதா பாருங்கள். நாசில் உடைந்து பீய்ச்சுகிறதா? ஃபேனை வேகமானதாக மாற்றினீர்களா? நாற்றுமேட்டில் லாரி ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள், 600 பிபிஎம்முக்குப் போய்விட்டது. பழைய ஃபேனைத் திரும்ப மாட்டிய அன்று மாலையே 25. ஈரப்பெட்டியின் வடிகால் அடைத்து, அடித்தட்டில் தண்ணீர் தேங்கி, இணைப்புக் குழாய் வழியாக வழிவதும் உண்டு. பல்லி செத்து வடிகாலில் கிடந்ததை இரண்டு முறை எடுத்திருக்கிறேன்.

அறிகுறி 3: உப்பு இல்லை, ஆனால் நாற்றம்

இதில் மீட்டரை நம்பாதீர்கள். ஆவியாகிற எதுவும் நன்னீரோடு சேர்ந்து வரும், மீட்டர் அமைதியாக 15 காட்டும்.

அழுகிய முட்டை வாடை என்றால் கிணற்றில் இருக்கும் வாயு. சதுப்புக் காட்டு மண்ணில் இது சகஜம். மேலே சொன்ன தோம்பு முறையே போதும், இரவு காற்றுப்பட நின்றால் பெரும்பாலும் போய்விடும். புதுப் பெட்டியில் பசை வாடை என்றால் ஒரு வாரம் நன்னீரைக் கீழே விடுங்கள். பாசி வாடை, கையில் வழவழப்பு என்றால் குளிர்பெட்டியைத் திறந்து கழுவி, காயவிட்டு, பிளீச் கரைசலால் துடைத்து அலசவும்.

இந்தப் பெட்டி தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வெதுவெதுப்பான ஈரத்தில் கிருமி வளரும். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தாலும் குடிப்பதற்கு முன் காய்ச்சுங்கள். மடப்பள்ளியில் எப்படியும் கொதிக்க வைக்கிறார்கள், வீட்டில்தான் அப்படியே குடித்துவிடுகிறார்கள்.

டீசல் வாடை, மருந்து வாடை, களைக்கொல்லி வாடை வந்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். கழுவிப் பார்ப்போம், காய்ச்சிப் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம், காய்ச்சினாலும் போகாது. கிணற்றுத் தண்ணீர், நன்னீர் இரண்டையும் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகுதான் அடுத்த வேலை.

அறிகுறி 4: பம்ப் ஓடவில்லை, அல்லது நின்று நின்று ஓடுகிறது

முதலில் ஃபியூஸ். இரண்டாவது பேட்டரி முனையில் பூத்த பச்சை. வெந்நீர் ஊற்றித் தேய்த்து, காயவைத்து, கிரீஸ் தடவுங்கள். மூன்றாவது, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்குள் எறும்பு. சிரிக்காதீர்கள். சுள்ளெறும்புக் கூட்டம் ரிலேக்குள் புகுந்து நசுங்கி, கறுப்புப் பொடியாக முனைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். பிரஷ்ஷால் தட்டிவிட்டு, வயர் நுழையும் ஓட்டையை சிலிகானால் அடையுங்கள்.

காலையில் ஓடி மத்தியானம் நின்றால்: பேனலில் மட்டை நிழல் விழுகிறதா பாருங்கள். ஒரு தென்னோலை நிழல் பேனலின் ஓரத்தில் விழுந்தால்கூடக் கரண்ட் பாதிக்கு மேல் போய்விடலாம். மட்டை வெட்ட மரம் ஏறுவதைவிடப் பேனலை நகர்த்துவது சுலபம்.

பேட்டரியை ஒரு மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.7 வோல்ட் நிறைவு, 12.2 பாதி, 12க்குக் கீழே கிட்டத்தட்டக் காலி. வெயில் நாளிலும் மாலையில் 12.2 தாண்டவில்லை என்றால் பேனலின் வயரைக் கழற்றி அளக்கவும். 12 வோல்ட் பேனல் வெயிலில் 20, 21 காட்ட வேண்டும். காட்டினால் கன்ட்ரோலர் அல்லது பேட்டரி, காட்டாவிட்டால் பேனல் இணைப்பு. வயிறு உப்பிய பேட்டரியைத் தொட வேண்டாம், கடைக்காரரே வந்து எடுக்கட்டும்.

பம்ப் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது, அல்லது கிணற்றடி வால்வில் மண். வறண்டு ஓடவிட்டால் பம்ப்பின் ரப்பர் போய்விடும், உடனே நிறுத்துங்கள்.

நாற்றுமேட்டில் இருப்பதுபோல் இன்வெர்ட்டர் வைத்து 240 வோல்ட் பம்ப் ஓட்டினால், ஃபியூஸுக்கு அப்பால் நான்கூடக் கை வைப்பதில்லை. பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுகிறேன். கால் ஈரத்தில், கை உப்புத் தண்ணீரில், அந்த நிலையில் தைரியம் காட்டக் கூடாது.

அறிகுறி 5: குழாய் தொங்குகிறது, இணைப்பு ஒழுகுகிறது

சாதா வெள்ளை பிவிசி 60 டிகிரியில் இளகும். சூட்டுப் பக்கம் முழுவதையும் வெந்நீருக்கான சிபிவிசி அல்லது பாலிபுரோப்பிலினுக்கு மாற்றுங்கள். பசை போட்டு ஒட்டிக்கொண்டே இருந்தால் தீராது.

அறிகுறி 6: எதுவும் பழுதில்லை, ஆனாலும் தண்ணீர் இல்லை

புகைமூட்ட நாட்கள், அப்புறம் அக்டோபர், நவம்பர் மழை. மதியம் இரண்டு மணிக்கே வானம் இருண்டால் 5 லிட்டர் வந்தாலே அதிகம். அந்த மாதங்களில் கோயில் கூரைத் தண்ணீர் ஒரு மழைக்கு 500 லிட்டர் தோம்பை நிறைத்துவிடுகிறது. அப்போதும் பெட்டியை ஓட்டுவது வீண் வேலை. நிறுத்திவைக்கும்போது பம்ப்பில் நல்ல தண்ணீர் கொஞ்சம் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள், அடித்தட்டை வடியுங்கள், இரண்டு மூடியையும் திறந்து பேக்கிங்கைக் காயவிடுங்கள். நன்னீர்த் தொட்டியின் வாயில் கொசுவலை கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். டிங்கிக் கொசுவுக்கு அந்தச் சுத்தமான தண்ணீரைவிடப் பிடித்த இடம் கிடையாது. போன நவம்பரில் வலை ஒரு மூலையில் கிழிந்திருந்தது. மூடியைத் தூக்கியபோது உள்ளே புழுக்கள் நெளிந்தன. இருந்த 40 லிட்டரையும் காய்ந்த தரையில் கொட்டினேன்.